நம் கம்பெனி எந்த முகவரியில் இருக்கிறது?

பாடம்: பதிவு அலுவலகமும் ஆண்டுப் படிவங்களும்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தீர்மான நோட்டு எல்லாம் நமக்கு அத்துப்படி. பத்து வருஷம் குழு நடத்திய ஊக்குநரிடம் கேட்டால் யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஆனால் கூட்டங்களில் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம். "அரசாங்கப் பதிவேட்டில் உங்க கம்பெனி எந்த முகவரியில இருக்கு?" இதைக் கேட்டதும் பல இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "ஆடிட்டர் சாருக்குத் தெரியும்" என்று பதில் வருகிறது.

நமது சொத்துக்கான பதில் அடுத்தவர் கையில் இருக்கலாமா? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். சட்டப் பாடம் என்று பயப்பட வேண்டாம். ரேஷன் கார்டில் முகவரி மாற்றத் தெரிந்த நமக்கு இதுவும் புரியும்.

நாம் எந்தச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறோம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் நமது அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கின்றன.

ஒன்று, சங்கம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் பல, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் பதிவானவை. இவற்றுக்கு மேலே இருப்பவர் மாவட்டப் பதிவாளர். இது மாநில அரசின் பதிவுத்துறை.

இரண்டு, உற்பத்தியாளர் கம்பெனி. பால், நிலக்கடலை, மஞ்சள், சிறுதானியம் என்று உறுப்பினர்கள் விளைவிப்பதைச் சேர்த்து விற்க ஆரம்பித்தது. இது மத்திய அரசின் கம்பெனிச் சட்டத்தில் வருகிறது. இந்த வகைக் கம்பெனிக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தது. இப்போது கம்பெனிகள் சட்டம் 2013ல் இதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். இயக்குநர்கள் 5 பேர் முதல் 15 பேர் வரை. பொதுவாக ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. நூறு பங்கு வைத்திருந்தாலும், பத்து பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். இதற்கு மேலே இருப்பவர் கம்பெனிகளின் பதிவாளர். ஆர்ஓசி என்று ஆடிட்டர்கள் சொல்வது இவரைத்தான். தமிழ்நாட்டில் சென்னையில் ஒரு ஆர்ஓசி அலுவலகமும் கோயம்புத்தூரில் ஒன்றும் இருக்கின்றன.

கம்பெனி பற்றி முதலில் விரிவாகப் பார்ப்போம். சங்கம் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

பதிவு அலுவலகம் என்றால் என்ன?

கடை இருக்கும் இடம், குடோன் இருக்கும் இடம், செக்கு ஓடும் இடம் எதுவாகவும் இருக்கட்டும். அரசாங்கப் பதிவேட்டில் "இதுதான் எங்கள் முகவரி" என்று எழுதிக் கொடுத்திருக்கும் இடமே பதிவு அலுவலகம்.

அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிக்கு வரும் கடிதங்களையும் நோட்டீஸ்களையும் வாங்கி, வாங்கிக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடு, யாரும் போகாத மாடி அறை எல்லாம் சட்டத்தின் கண்ணில் அலுவலகமே இல்லை.

அதே பிரிவு சொல்லும் இன்னும் இரண்டு விஷயங்கள்:

- அலுவலகத்துக்கு வெளியே கம்பெனியின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் எழுதிய போர்டு இருக்க வேண்டும். அந்த ஊரில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும். நம் ஊரில் என்றால் தமிழில்.

- பில், கடிதத்தாள் எல்லாவற்றிலும் பெயர், முகவரி, கம்பெனியின் அடையாள எண், போன் நம்பர் அச்சாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதையே வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி கம்பெனிச் சட்டம். கம்பெனி ஆரம்பிக்கிறவர் அந்த மாநிலத்தில் முகவரி உள்ள ஒருவரைப் "பதிவு முகவர்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட் நோட்டீஸ் வந்தால் கம்பெனிக்காக அதை வாங்குவது அவர் வேலை. வெறும் தபால் பெட்டி எண் கொடுத்தால் ஏற்பதில்லை. ஆள் இருக்கும் முகவரி வேண்டும். நம் நாட்டில் அந்த முகவரின் வேலையைப் பதிவு அலுவலகம் செய்கிறது. எந்த நாடாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். சட்டம் நம்மைத் தேடி வந்தால் கதவைத் திறக்க ஒருவர் இருக்க வேண்டும்.

பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலிலோ, விரைவுத் தபாலிலோ, கூரியரிலோ அனுப்பினால் அது கம்பெனிக்கு அனுப்பிய முறையான நோட்டீஸ்தான். "நாங்க அந்த வீட்டைக் காலி பண்ணி ரெண்டு வருஷமாச்சு" என்ற பதில் அங்கே எடுபடாது.

வீடு மாறினதுக்கா இவ்வளவு தண்டம்?

எங்கள் களப்பகுதியில் நடந்ததைச் சொல்கிறோம். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

நிலக்கடலை போடும் பெண்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. தொடங்கும்போது அவர்களுக்குச் சொந்த இடம் இல்லை. உதவி செய்த திட்டத்தின் வாடகை அலுவலகத்தையே பதிவு அலுவலகமாகக் கொடுத்தார்கள். மெயில் முகவரியும் போன் நம்பரும் அப்போது அங்கே வேலை பார்த்த பணியாளருடையவை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் அலுவலக மேஜைக்குள் இருந்தது.

திட்டம் முடிந்தது. வீட்டைக் காலி செய்தார்கள். அந்தப் பணியாளர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். பெண்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து எண்ணெய் ஆட்டி விற்றார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. பொதுக்குழு கூடியது, கணக்கு தணிக்கையும் ஆனது. ஆனால் அந்தக் கணக்கை எம்சிஏ இணையதளத்தில் யாரும் ஏற்றவில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில், "கட்டணம் கட்டச் சொல்லி மெயில் போட்டோமே" என்றார்கள். மெயில் போனது பழைய பணியாளரின் முகவரிக்கு!

மூலப்பொருள் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வங்கி அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா நீங்க எதுவுமே தாக்கல் பண்ணலையேம்மா" என்றார். பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன ஒரு கடிதமும் பழைய வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பியிருந்தது.

தாமதக் கட்டணத்தைக் கணக்குப் போட்டோம். ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு படிவம்.

முதல் ஆண்டின் படிவங்கள்: 500 நாள் தாமதம் x 200 = 1,00,000 ரூபாய்.
இரண்டாம் ஆண்டின் படிவங்கள்: 135 நாள் தாமதம் x 200 = 27,000 ரூபாய்.
மொத்தம்: 1,27,000 ரூபாய்.

தலைவி அக்கா கண் கலங்கிவிட்டார். "நாங்க ஒரு ரூபா கூட தப்பா எடுக்கலையே. கணக்கு சுத்தமா இருக்கு. வீடு மாறினதுக்கா இவ்வளவு தண்டம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் வேறு ஒன்றைக் கேட்கிறது. கணக்கு சுத்தமாக இருந்தால் போதாது, அது பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த ஆண்டு உறுப்பினர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போயிருக்க வேண்டிய பணம் தாமதக் கட்டணமாகப் போனது.

முகவரி மாறினால் என்ன செய்ய வேண்டும்?

இடம் மாறிய 30 நாட்களுக்குள் ஐஎன்சி-22 என்ற படிவத்தை இணையதளம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் என்ன தீர்மானம் தேவை என்பது, எவ்வளவு தூரம் மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

1. அதே ஊருக்குள் தெரு மாறினால்: இயக்குநர் குழுத் தீர்மானம் போதும்.

2. ஒரே ஆர்ஓசி எல்லைக்குள் வேறு ஊருக்கு மாறினால்: பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானத்தையும் தனிப் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

3. ஒரு ஆர்ஓசி எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால்: மண்டல இயக்குநரின் ஒப்புதலும் வேண்டும். நம் மாநிலத்தில் இது முக்கியம். ஈரோடு, சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. அங்கிருந்து திருச்சிப் பக்கம் பதிவு அலுவலகத்தை மாற்றினால், மாநிலம் ஒன்றாக இருந்தாலும் ஆர்ஓசி மாறிவிடும்.

தேவைப்படும் காகிதங்கள்: வாடகை ஒப்பந்தம் அல்லது சொந்தக் கட்டிடமானால் அதன் பத்திரம், வீட்டுக்காரரின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், 2 மாதத்துக்கு மேல் பழசாகாத கரண்ட் பில் அல்லது அது போன்ற ஒரு பில். பில் பழசாகிவிட்டால் மறுபடி அலைய வேண்டும். எனவே படிவம் போடும் வாரத்தில் புது பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.

முகவரி மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் கம்பெனிக்கும், பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளைக்கு 1,000 ரூபாய் என்று 1 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கே நமக்கு ஒரு சலுகை உண்டு. 446பி என்ற பிரிவின்படி உற்பத்தியாளர் கம்பெனிக்கு விதிக்கும் அபராதம் சாதாரணக் கம்பெனிக்கு உள்ளதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஆனால் மேலே சொன்ன நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு, இந்த அபராதம் வேறு. அந்தக் கட்டணத்துக்கு இந்தப் பாதிச் சலுகை கிடையாது.

பெயர்களும் மாறும், போன் நம்பரும் மாறும்

பதிவேட்டில் முகவரி மட்டும் இல்லை, நம் பெயர்களும் இருக்கின்றன. உற்பத்தியாளர் கம்பெனியில் ஒருவர் இயக்குநராகத் தேர்வானால் பதவிக்காலம் ஓர் ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மிகாமலும் இருக்கும். புதிதாக ஒருவர் வந்தாலும், ஒருவர் விலகினாலும், இறந்துபோனாலும் 30 நாளுக்குள் டிஐஆர்-12 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.

பல ஊர்களில் நாம் பார்ப்பது என்ன? கல்யாணமாகி வேறு ஊர் போன பெண் இன்னும் பதிவேட்டில் இயக்குநராக இருப்பார். புதிதாக வந்தவர் மூன்று வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், ஆனால் பதிவேட்டில் அவர் பெயரே இருக்காது. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் நோட்டீஸ் போவது ஊரை விட்டுப் போன பெண்ணுக்குத்தான்.

ஒவ்வொரு இயக்குநருக்கும் ஒரு இயக்குநர் எண் உண்டு. அதற்கான கேஒய்சி விவரத்தை முன்பு ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பர் இறுதியில் வந்த விதித் திருத்தம் அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றியது. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலையை மறப்பதும் சுலபம். போன் நம்பரோ மெயிலோ மாறினால் அந்த மூன்று வருஷம் வரை காத்திருக்காமல் உடனே மாற்றிவிட வேண்டும். ஓடிபி வருவது அந்த நம்பருக்குத்தான். நம்பர் பேரன் கையில் இருந்தாலோ, ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டாலோ இயக்குநர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை

கம்பெனி தொடங்கியதும்:
- முதல் ஆண்டுப் பொதுக்குழு 90 நாளுக்குள்.
- உறுப்பினர்கள் பங்குத் தொகையைக் கட்டிவிட்டார்கள் என்ற உறுதிமொழி, ஐஎன்சி-20ஏ படிவத்தில், 180 நாளுக்குள்.

பிறகு ஒவ்வொரு ஆண்டும்:
- ஆண்டுப் பொதுக்குழு. இரண்டு கூட்டத்துக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. குறைந்தது 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். துணைவிதி வேறு எதுவும் சொல்லாவிட்டால் மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும்.
- தணிக்கையான கணக்கு, ஏஓசி-4 படிவத்தில்.
- ஆண்டு விவர அறிக்கை, எம்ஜிடி-7 படிவத்தில்.

உற்பத்தியாளர் கம்பெனிக்கான அத்தியாயம், பொதுக்குழு முடிந்த 60 நாளுக்குள் இவற்றைத் தாக்கல் செய்யச் சொல்கிறது. கம்பெனிகளுக்கான பொது விதியில் கணக்குப் படிவத்துக்கு 30 நாள், ஆண்டு அறிக்கைக்கு 60 நாள் என்று இருக்கிறது. ஆகவே கணக்குப் படிவத்தை 30 நாளுக்குள்ளேயே போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

2018 ஜூலை 1 முதல் தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை. இரண்டு படிவம் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். இத்தனை பெண்கள் 10 ரூபாய், 20 ரூபாயாகச் சேர்த்த பணம் அது.

செய்யாமல் விட்டால்?

தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாவிட்டால், அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு அங்கும் மறுபடி இயக்குநராக முடியாது, வேறு கம்பெனியிலும் ஆக முடியாது. 164ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

இரண்டு நிதியாண்டாகக் கம்பெனி தொழில் எதுவும் நடத்தவில்லை என்று பதிவாளர் கருதினால், பெயரை நீக்கப் போகிறோம் என்று கம்பெனிக்கும் இயக்குநர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பலாம். பதில் சொல்ல 30 நாள். உற்பத்தியாளர் கம்பெனி என்றால் இன்னொரு விதியும் உண்டு. பதிவான ஓராண்டுக்குள் தொழிலைத் தொடங்காவிட்டாலும், உறுப்பினர்களோடு வியாபாரம் செய்வதை நிறுத்திவிட்டாலும் பெயரை நீக்க வழி இருக்கிறது. அதற்கு முன் நம் பதிலைக் கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் கையில் கிடைத்தால்தானே பதில் சொல்ல முடியும்? முகவரி ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரிகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 செப்டம்பரில் மத்திய அரசு 2,09,032 கம்பெனிகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியதாக அறிவித்தது. அவற்றின் வங்கிக் கணக்குகளை இயக்கவும் கட்டுப்பாடு வந்தது. அதே மாதம் 1,06,578 இயக்குநர்கள் தகுதி நீக்கத்துக்கு அடையாளம் காணப்பட்டார்கள். காகிதத்தில் மட்டும் இருந்த போலிக் கம்பெனிகளைப் பிடிக்கத்தான் அந்த நடவடிக்கை. ஆனால் படிவம் போடாத கம்பெனி போலியா, பெண்கள் வெயிலில் உழைத்து நடத்துவதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தாக்கல் செய்த தேதி ஒன்றுதான்.

நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்கத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் வக்கீல், பயணம், காலம் எல்லாம் செலவுதான். முன்கூட்டியே 30 நாளில் முடிகிற வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்

"ஒரு தடவை பதிஞ்சாச்சு, அவ்வளவுதானே" என்று பலர் நினைக்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் எத்தனை மாற்றம் வந்தது பாருங்கள்.

2018: தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய் ஆனது. அதே ஆண்டு நவம்பர் முதல், புதிதாகப் பதிவாகும் கம்பெனிகளுக்கு ஐஎன்சி-20ஏ வந்தது.

2019: 2017 டிசம்பர் 31 வரை பதிவான கம்பெனிகள் தங்கள் பதிவு அலுவலகத்தின் வெளிப்புறத்தையும், உள்ளே ஒரு இயக்குநர் இருப்பதையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தேதி தவறியவர்கள் 10,000 ரூபாய் கட்டினார்கள்.

2020: கொரோனா காலத்தில் சலுகைத் திட்டம் வந்தது. நிலுவைப் படிவங்களைத் தாமதக் கட்டணம் இல்லாமல் போட அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை வாய்ப்புக் கிடைத்தது. அது காதில் விழுந்தவர்கள் தப்பித்தார்கள்.

2022: பதிவாளர் நேரில் வந்து பதிவு அலுவலகத்தைப் பார்க்கும் முறை விதியில் சேர்ந்தது. உள்ளூரைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்த்து, போட்டோ எடுத்து அறிக்கை எழுதுவார்கள். கடிதம் வாங்கும் நிலையில் அந்த இடம் இல்லை என்றால் நோட்டீஸ் வரும்.

2025: இயக்குநர் கேஒய்சி திருத்தம் வெளியானது.

இவற்றில் சில நமக்குச் சாதகம், சில பாரம். இரண்டையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சலுகை வந்தால்கூட தகவல் போவது பதிவேட்டில் இருக்கும் மெயிலுக்குத்தான்.

சங்கமாகப் பதிவான கூட்டமைப்புகளுக்கு

சங்கங்கள் பதிவுச் சட்டத்திலும் இதே நோக்கம்தான். பதிவு அலுவலகம் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது, மறுபடி தேர்வாகலாம். தேர்தல் நடத்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்ததோடு வேலை முடிவதில்லை. மாற்றத்தைப் பதிவாளரிடம் உரிய படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, உறுப்பினர் விவரம், சங்கம் செயல்பட்டு வருகிறது என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். மார்ச் 31ல் கணக்கு முடித்தால் செப்டம்பர் 30 கடைசி நாள். பல கூட்டமைப்புகள் சில வருஷமாகக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அரசு நிதியோ வங்கிக் கடனோ வரும்போது ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் வேண்டாம்.

நாம் இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. எம்சிஏ இணையதளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பதிவு முகவரி, மெயில், கடைசிப் பொதுக்குழு தேதி, கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கின் தேதி எல்லாம் அதில் இருக்கும். படித்த மகளோ மருமகளோ இருந்தால் செல்போனிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அச்செடுத்து நிர்வாகக் குழுவில் வாசியுங்கள்.

2. கம்பெனிக்கென்று தனி மெயில் முகவரி வையுங்கள். பணியாளரின் சொந்த மெயில் வேண்டாம். பாஸ்வேர்டு தலைவியிடமும் இன்னொரு இயக்குநரிடமும் இருக்கட்டும். வாரம் ஒரு நாள் திறந்து பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குத் தீர்மானம் போட்டுக் கொடுங்கள்.

3. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பென் டிரைவ் மாதிரி சின்னதாக இருக்கும். ஆனால் அது நம் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட வெற்று செக்கை யாரிடமாவது கொடுத்து வைப்போமா? டோக்கனைக் கம்பெனி பீரோவில் வைத்து, தேவைப்படும்போது கொண்டுபோய்த் திரும்ப வாங்கி வாருங்கள். கொடுத்த தேதி, வாங்கிய தேதி நோட்டில் எழுதுங்கள். அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

4. ஒவ்வொரு படிவத்துக்கும் எஸ்ஆர்என் என்ற எண்ணோடு கட்டண ரசீது வரும். ஆடிட்டரிடம் "போட்டாச்சாங்க?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ரசீது குடுங்க" என்று கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் தாக்கல் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேதி காலண்டர் ஒன்று எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பொதுக்குழு, கணக்குப் படிவம், ஆண்டு அறிக்கை, கேஒய்சி, வாடகை ஒப்பந்தம் முடியும் நாள் என ஐந்து வரி போதும்.

6. ஏதாவது திட்டம் அல்லது தொண்டு நிறுவனத்தின் முகவரியில் உங்கள் பதிவு அலுவலகம் இருந்தால், திட்டம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே உங்கள் சொந்த இடத்துக்கோ, உங்கள் பெயரில் ஒப்பந்தம் போட்ட இடத்துக்கோ மாற்றுங்கள். திட்டங்கள் வரும், போகும். எங்களைப் போன்ற பணியாளர்களும் வருவோம், போவோம். கம்பெனி உங்களுடையது.

ஆடிட்டரை நம்பக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல ஆடிட்டர்கள் குறைந்த கட்டணத்தில் நமக்கு எவ்வளவோ செய்து தருகிறார்கள். வேலையை அவரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. அபராதம் வந்தால் அவர் பெயருக்கு வராது, நம் பெயருக்குத்தான் வரும்.

மேலே சொன்ன நிலக்கடலைக் கம்பெனி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டு அறைக்கே பதிவு அலுவலகத்தை மாற்றிவிட்டார்கள். வாசலில் தமிழ் போர்டு தொங்குகிறது. நிலுவைப் படிவங்கள் ஏறிய பிறகு வங்கி அவர்கள் மனுவை எடுத்துக்கொண்டது. மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்ததும் மெயில் வாசிக்கிறார்கள்.

குழுவில் பேச:

1. நமது அமைப்பு எந்தச் சட்டத்தில், எந்தத் தேதியில் பதிவானது? சான்றிதழ் யாரிடம் இருக்கிறது?

2. பதிவேட்டில் உள்ள முகவரிக்கு இன்று ஒரு பதிவுத் தபால் வந்தால் யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார்?

3. பதிவேட்டில் உள்ள இயக்குநர்களும், இன்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர்களும் ஒன்றா?

4. கடைசியாகத் தாக்கல் செய்த படிவத்தின் ரசீது நம் பைலில் இருக்கிறதா?

இந்த நான்கு கேள்விக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பதில் தெரியாத கேள்வி இருந்தாலும் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.